விடுப்பு கேட்பவர்கள் உழைக்க அஞ்சியவர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிநாட்டு வேலை பற்றி வந்த கட்டுரையை இங்கே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருந்தபடி படித்தேன். அமெரிக்கச் சம்பளத்தை உதறிவிட்டு ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் உழைக்க அஞ்சி ஓய்வு தேடிப் போகிறவர்கள் என்னும் பொருளில் அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. போகிற போக்கில் எழுதியதாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் டல்லாஸில் ஐந்தரை ஆண்டும் இங்கே ஏழாண்டும் மென்பொருள் துறையில் வேலை பார்த்து, இரண்டு நாட்டுச் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கும் எனக்கு, அந்த வாக்கியத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

டல்லாஸில் நான் நிறுவனம் மாறி எட்டு மாதம் ஆகியிருந்தபோது என் மகள் பிறந்தாள். அமெரிக்காவில் பிரசவத்துக்கும் குடும்பத்தில் நோய்நொடிக்கும் 12 வாரம் விடுப்பு தரச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் 1993ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அந்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது என்பதும், அதைப் பெறுவதற்கே அந்த நிறுவனத்தில் ஓராண்டு முடித்திருக்க வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு நான்கு மாதம் குறைந்தது. ஆறாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தேன். பிரசவம் பார்க்க வந்திருந்த என் அம்மா, "பத்தியம்கூட இன்னும் முடியலையேடி" என்று சொல்லிக்கொண்டே பூண்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். இதுவும் போதாதென்று, உழைக்க அஞ்சியவள் என்ற பட்டம் வேறு இப்போது கிடைத்திருக்கிறது.

அங்கே சனிக்கிழமைகளிலும் அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புகளை ஏன் மறுக்கவில்லை என்று கேட்கலாம். எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு நிறுவனம் தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள் அவகாசம். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வாங்கி நிம்மதியாக இருக்கலாமே என்றால், எந்த ஒரு நாட்டுக்காரருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற விதியினால், இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடக்கிறது. மேலாளர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் இரண்டாம் பட்சம். 60 நாள் என்ற எண் தலைக்கு மேல் தொங்கும்போது எவரும் எந்த அழைப்பையும் எடுப்பார்.

சம்பளத்துக்கு வருகிறேன். இங்கே என் முதலாண்டுச் சம்பளம், டல்லாஸில் வாங்கியதில் ஏறத்தாழப் பாதி. உறவினர் திருமணங்களில் இதைச் சொல்லி நான் வாங்கிய இரக்கப் பார்வைகளைச் சேர்த்திருந்தால் ஒரு வீட்டு மனை வாங்கியிருப்பேன். ஆனால் ஜெர்மனியில் பாதிச் சம்பளம் வரியாகப் போய்விடும் என்று தங்கள் கட்டுரை எழுதியது தவறு. மொத்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மைக் காப்பீடு முதலியவற்றுக்கான பிடித்தம், அது வரியன்று. ஓய்வூதியத்துக்கு என் பங்கு 9.3 விழுக்காடு, நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் முதல் நடைமுறையில் இருப்பதால், இந்தியாவில் கட்டிய காலத்தையும் ஓய்வூதியத் தகுதிக்குச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. இந்தியாவுக்கு அமெரிக்காவுடன் அத்தகைய ஒப்பந்தம் இல்லை. அங்கே என் சம்பளத்தில் ஓய்வூதியம் முதலியவற்றுக்கு மாதாமாதம் 6.2 விழுக்காடு பிடித்தார்கள். பத்தாண்டு முடிக்காமல் நேரே இந்தியா திரும்பியிருந்தால், அதில் எனக்கு ஒரு காசு ஓய்வூதியமும் வந்திருக்காது. சம்பளத்தை ரூபாயில் பெருக்கிக் காட்டும் தங்கள் கட்டுரையாளர் இந்தக் கழித்தலை மட்டும் எங்கும் போடவில்லை.

இங்கே சட்டப்படி ஆண்டுக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு உறுதி. என் நிறுவனம் 30 நாள் தருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுப்பில் திருச்சிக்கு வந்து டெங்குவில் படுத்தேன். நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி மருத்துவச் சான்றையும் அனுப்பினேன். நோயில் கழிந்த ஆறு நாளும் என் விடுப்புக் கணக்கில் திரும்ப ஏறின. இது என் மேலாளரின் பெருந்தன்மை அல்ல, சட்டம். மகளுக்குக் காய்ச்சல் என்றால், அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 15 நாள் உண்டு. அந்த நாட்களில் சம்பளத்தின் பெரும்பகுதியைக் காப்பீடு தந்துவிடுகிறது.

இது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்க ஐந்து மாதம் அலைந்தோம். மழலையர் காப்பகத்தில் இடத்துக்காக ஓராண்டு காத்திருந்தோம். மொழி தெரியாமல் மருந்துக் கடையில் சைகை காட்டிய நாட்களும் உண்டு. அக்காளின் திருமணக் கடனைச் சுமக்கும் ஒரு பையன் டல்லாஸைத் தேர்ந்தெடுத்தால் அவன் செய்வதுதான் சரி. நானும் என் கணவரும் முதலில் அங்கே போனது அப்பாவின் வீட்டுக் கடனை அடைக்கத்தான், அடைத்தும் விட்டோம். எந்தக் கடனுக்காக, எத்தனை ஆண்டுக்கு என்று கணக்குப் போட்டுப் போகிறவனை நான் மதிக்கிறேன். அந்தக் கணக்குக்கு வேண்டிய பாதி எண்களை மறைத்துவிட்டு, மீதியைத் தலைப்பில் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம்.

இதே பொருள் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் தங்களுக்கு எழுதினேன், வெளிவரவில்லை. இடப்பற்றாக்குறை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அது வரவேண்டிய இதழில் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர்களின் முழுப்பக்க விளம்பரங்கள் நான்கு இருந்தன என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கக் கூடாதுதான்.

நான் கேட்பது சிறியது. இனி வெளிநாட்டுச் சம்பளத்தை அச்சிடும் போதெல்லாம், அதன் பக்கத்திலேயே சம்பள விடுப்பு எத்தனை நாள், பிடித்தம் எவ்வளவு, வேலை போனால் விசா என்னவாகும் என்ற மூன்று வரிகளையும் சேர்த்து வெளியிடுங்கள். ஜெர்மனி வரி பற்றிய பிழைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இம்முறையும் கடிதத்துக்கு இடமில்லை என்றால், அந்தத் திருத்தத்தை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்டுட்கார்ட், ஜெர்மனி