சுண்டு விரல் மட்டும் மரத்துப்போகவில்லை

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிறு நாம் பேசிக்கொண்டிருந்தபோது டம்ளர் விழுந்த ஓசை கேட்டு நீ பதறினாய். நான் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அது உண்மையில்லை.

கைகளில் மதமதப்பு தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. நள்ளிரவு தாண்டி விழிப்பு வரும்போது வலது உள்ளங்கையில் எறும்புகள் ஊர்வது போலவும் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போலவும் இருக்கும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் அடங்கும். 14 ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு இருக்கும் எனக்கு மூட்டு வலியும் காலை விறைப்பும் பழகியவை; இது புதிது. பக்கவாதத்தில் விழுந்த உன் பாட்டியை நினைத்து அஞ்சினேன். அந்த அச்சத்தாலேயே யாரிடமும் சொல்லாமல், மருந்துக் கடையில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கி ஒரு மாதம் விழுங்கினேன். மார்கழியில் ஒரு விடியற்காலை, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கோலமாவு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல், இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் அறுந்தும் போனதைப் பார்த்த பிறகே உன் அப்பாவிடம் சொன்னேன்.

மூட்டு மருத்துவர் முதலில் கேட்டது, சுண்டு விரலும் மரத்துப்போகிறதா என்றுதான். யோசித்துப் பார்த்தால், இல்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, அத்தோடு நின்றுவிடுகிறது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் விரல்களை மடக்கும் 9 நாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு செல்கின்றன. முடக்குவாதத்தில் நாண்களின் உறை வீங்கும்போது, விலக இடமில்லாத அந்த நரம்பு நசுங்குகிறது. சுண்டு விரலுக்குரிய நரம்பு வேறு வழியில் செல்வதால் அது தப்பிவிடுகிறது.

பின்னர் அவர் மணிக்கட்டின் மேல் விரலால் மெல்லத் தட்டினார். நடுவிரல் வரை சுரீரென்று ஓடியது. முதல் உலகப்போரில் நரம்பு காயப்பட்டவர்களிடம் இந்த அறிகுறியைக் கண்டு 1915இல் எழுதியவர் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் என்றும், அவர் இதற்கு ஃபூர்மீய்மோன் என்று பெயரிட்டார் என்றும் சொன்னார். புதுச்சேரியில் முப்பது ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஃபூர்மி என்றால் எறும்பு. நான் இரவில் உணர்ந்ததை அவர்களும் எறும்பு என்றே சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்த அறையில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கால்களிலும் மதமதப்பு உண்டா, நடை தள்ளாடுகிறதா என்றும் கேட்டார். நாள்பட்ட முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் எலும்புகள் நெகிழ்ந்து தண்டுவடத்தை அழுத்தக்கூடுமாம். கழுத்து எக்ஸ்ரேயில் அப்படி எதுவும் இல்லை. சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றும் சரியாக உள்ளன. ஆக, நானே வாங்கி விழுங்கிய மாத்திரைக்கு வேலையே இருக்கவில்லை.

இப்போது இரவில் மணிக்கட்டை மடங்கவிடாத பட்டை அணிந்து உறங்குகிறேன். இரண்டு வாரங்களில் விழிப்பது குறைந்திருக்கிறது. முடக்குவாதத்துக்காக வாரம் ஒரு முறை எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தின் அளவைச் சற்றுக் கூட்டியிருக்கிறார்கள், ஏனெனில் வீக்கம் அடங்கினால்தான் நரம்புக்கு இடம் கிடைக்கும். பெருவிரலின் அடிச்சதை மெலிந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், இதுவரை மெலியவில்லை.

வரும் வியாழக்கிழமை நரம்பு மின்பரிசோதனை. முடிவு எதுவானாலும் அன்று மாலையே சொல்கிறேன். பட்டை இங்கேயே அளவாகக் கிடைத்துவிட்டது, நீ அங்கிருந்து அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அம்மா