அரங்கம் நிறைந்தது, ஆட்டம் வேர்விட்டதா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 2025 நவம்பர் 1 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் நியூசிலாந்து 26-13 என்று அயர்லாந்தை வென்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "அறுபதாயிரம் பேர் வந்திருக்கிறார்களே, இனி அமெரிக்காவில் ரக்பிக்குக் கவலையில்லை" என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரங்கம் நிறைவது வேறு, ஆட்டம் வேர்விடுவது வேறு.

முதலில் தேதியைக் கவனி. சிகாகோவில் நவம்பரில் நடந்த பெரிய ஆட்டங்கள் 2014 நவம்பர் 1, 2016 நவம்பர் 5, 2018 நவம்பர் 3, 2025 நவம்பர் 1. நான்குமே அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமைகள். ஐரோப்பா அதை ஒரு வாரம் முன்பே செய்துவிடும். அதனால் அந்த ஒரு வாரம் மட்டும் சிகாகோவுக்கும் அயர்லாந்தின் டப்ளினுக்கும் இடைவெளி ஆறு மணி நேரமல்ல, ஐந்து. சிகாகோவில் பிற்பகல் 3 மணி என்றால் டப்ளினில் இரவு 8, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஞாயிறு காலை 9. இரண்டு நாட்டு ரசிகர்களும் விழித்திருக்கும் நேரம். தொலைக்காட்சிப் பணத்தில் ஓடும் ஆட்டத்துக்கு இது பெரிய வசதி.

மைதானம்தான் உண்மையான தலைவலி. அமெரிக்கக் கால்பந்துக் களத்தின் அகலம் 48.8 மீட்டர், ரக்பிக்கு 68 முதல் 70 வேண்டும். பக்கத்துக்குப் பத்து மீட்டர் கூடுதலாகத் தேவை. கீழ்வரிசை இருக்கைகள் களத்தை ஒட்டியிருக்கும் அரங்குகளில் மூலைகள் இடிக்கும். நீளமும் இழுபறிதான். அவர்கள் களம் முனைக்கு முனை சுமார் 110 மீட்டர். நமக்கு ட்ரை கோட்டுக்கு (அதைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்கினால் ட்ரை, அதாவது புள்ளி) ட்ரை கோடு 94 முதல் 100 மீட்டர், அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் குறைந்தது 6 மீட்டர். அந்த இடம் ஒடுங்கினால், தரையோடு உருட்டி உதைக்கும் பந்து யாரும் விழுந்து அமுக்குவதற்குள் வெளியே போய்விடும். ஒரு தாக்குதல் முறையே செத்துப்போகும்.

கம்பத்தைப் பார். அவர்களுடையது ஒற்றைக் காலில், கோல் கோட்டுக்குப் பத்து கெஜம் பின்னால் நிற்கும். நம் இரட்டைக் கம்பம் ட்ரை கோட்டின் மேலேயே நிற்க வேண்டும்: நடுவில் 5.6 மீட்டர், குறுக்குக் கம்பி 3 மீட்டர் உயரத்தில், கீழே சுற்றிலும் பஞ்சு உறை. அதற்கான குழிகளை முன்கூட்டியே எடுத்து மூடி வைக்க வேண்டும். குளிர்நாட்டு மைதானங்களில் புல்லுக்கடியில் சூடேற்றும் குழாய்கள் ஓடலாம். வரைபடம் பார்க்காமல் தோண்டினால் போச்சு. 2016-இல் அக்டோபர் 31 திங்கள் இரவு சோல்ஜர் ஃபீல்டில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். சனிக்கிழமை அயர்லாந்தும் நியூசிலாந்தும் மோதும் ரக்பி டெஸ்ட். கோடு, எழுத்து, கம்பம் எல்லாம் மாற்ற நடுவில் இருந்தது நான்கே நாள்.

அடுத்தது புல். இரண்டு அணியும் பிணைந்து நின்று ஒன்றையொன்று தள்ளும் ஸ்க்ரமில் இருபுறமும் எட்டெட்டுப் பேர், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 900 கிலோ. காலணி ஆணி 21 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். மெல்லிய புல்பத்தையைக் கடைசி வாரத்தில் விரித்தால் வேர் கீழ்மண்ணைப் பிடிக்காது. முதல் ஸ்க்ரமிலேயே பாய் சுருட்டுவதுபோலச் சுருண்டுவிடும், முன்வரிசைக்காரன் கழுத்து ஆபத்தில் இருக்கும். நேரமில்லையென்றால் 4 சென்டிமீட்டர் அளவுக்குத் தடிமனாக வெட்டிய புல்தான் தன் எடையாலேயே அசையாமல் கிடக்கும். விளிம்பில் செயற்கைப் புல் இருந்தால் அந்த இணைப்பு மட்டம் பிசகக் கூடாது. ஓடுகிறவன் கணுக்கால் அங்கேதான் போகும்.

இவையெல்லாம் பணத்தால் தீரும். தீராதது, வீரர்களை விடுவிக்கும் விதி. உலக ரக்பி அமைப்பு நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்கென்று வகுத்த சர்வதேசக் காலத்துக்கு வெளியே ஆட்டம் வைத்தால், கிளப்புகள் தம் வீரர்களை அனுப்பக் கட்டாயமில்லை. 2021 அக்டோபர் 23, வாஷிங்டன் அருகே அமெரிக்காவும் நியூசிலாந்தும் ஆடியது அந்தக் காலத்துக்கு வெளியே. ஐரோப்பாவில் ஆடும் அமெரிக்கர்கள் வர முடியவில்லை. முடிவு 104-14, பதினாறு ட்ரைகள். அமெரிக்காவில் ரக்பியை வளர்க்க நடந்த ஆட்டத்தில் அமெரிக்காவின் நல்ல வீரர்களே இல்லை! முதன்முறை பார்க்க வந்த சிறுவன் தன் நாட்டு அணியைப் பற்றி என்ன நினைத்திருப்பான்?

சரி, உள்ளூர் அணியைச் சேர்த்தால் போதுமா? 2018-இல் அதையும் செய்தார்கள். ஒரே நாளில் அமெரிக்கப் பெண்கள் நியூசிலாந்தோடு, ஆண்கள் நியூசிலாந்தின் மாவோரி இன வீரர்கள் அணியான மாவோரி ஆல் பிளாக்ஸோடு, அயர்லாந்து இத்தாலியோடு. வந்தவர்கள் முப்பதாயிரம். 2016-இல் வந்ததில் பாதி. கூட்டத்தை இழுப்பது நியூசிலாந்து ஆண்கள் அணியான ஆல் பிளாக்ஸின் பெயர்தான்.

2016 ஆட்டத்தின் மதிப்பை நான் மறுக்கவில்லை. மூன்று வாரம் முன்பு இறந்த முன்னாள் அயர்லாந்து வீரர் ஆன்டனி ஃபோலிக்காக, அவர் அணிந்த 8 என்ற எண்ணின் வடிவில் நின்று அயர்லாந்து வீரர்கள், நியூசிலாந்து அணி ஆட்டத்துக்கு முன் ஆடும் ஹாக்கா நடனத்தை எதிர்கொண்டார்களே, அதைப் பார்த்தவனுக்கு விதி தெரியாவிட்டாலும் மனசு அசையும். 111 வருடக் காத்திருப்புக்குப் பிறகு நியூசிலாந்துக்கு எதிராக 40-29 என்று முதல் வெற்றி. ஆனால் அது அயர்லாந்தின் கதை.

அமெரிக்காவின் கதை வேறு. 2020 மார்ச்சில் அதன் ரக்பி சங்கம் திவால் பாதுகாப்பு கேட்டது. 2022 ஜூலையில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அமெரிக்க அணி சிலியிடம் இரண்டு ஆட்டக் கூட்டலில் 52-51 என்று ஒரு புள்ளியில் தோற்றது. நவம்பரில் துபாயில், வென்றே தீர வேண்டிய ஆட்டத்தில், போர்ச்சுகலோடு 16-16 சமன். 2023 உலகக் கோப்பை வாய்ப்பே போனது. சிலியை வளர்த்தது இப்படிப்பட்ட பெரிய ஆட்டம் அல்ல. அவர்களிடம் செல்க்னாம் என்ற ஒரு தொழில்முறை அணி இருந்தது. தேசிய வீரர்களில் பெரும்பாலோர் அதில் வாராவாரம் சேர்ந்து ஆடினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2031 ஆண்கள் உலகக் கோப்பை அமெரிக்காவில். அதற்குள் இன்னும் சில சனிக்கிழமைகள் வரும். ஒவ்வொன்றிலும் நான் பார்க்கப்போவது மூன்றுதான்: தேதி சர்வதேசக் காலத்துக்குள் இருக்கிறதா, டிக்கெட் வாங்கியவர்களின் முகவரிகள் அந்தந்த ஊர்க் கிளப்புகளின் கைக்குப் போகின்றனவா, ஆட்டத்துக்கு அடுத்த வாரம் அந்த ஊரில் பள்ளிப் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வகுப்பு நடக்கிறதா. உன் ஊரில் டிக்கெட் வாங்கிய யாருக்காவது கிளப்பிலிருந்து அழைப்பு வந்ததா என்று விசாரித்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி