குவாங்சோ ஏர்போர்ட் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சீனா ஏர்போர்ட்னாலே பெய்ஜிங், ஷாங்காய் ரெண்டைப் பத்தியே எல்லாரும் எழுதுறாங்க, குவாங்சோ பையுன் ஏர்போர்ட்டை யாருமே கண்டுக்கறதில்ல, அது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். 1932ல ஆரம்பிச்ச பழைய ஏர்போர்ட்டைச் சுத்தி ஊர் வளர்ந்து நெருக்கிடுச்சு, ரன்வேயை நீட்ட இடமே இல்ல, அதனால ஊருக்கு வடக்கே 28 கிலோமீட்டர் தள்ளி புதுசா ஒண்ணு கட்டுனாங்க. 2004 ஆகஸ்ட் 5 அன்னைக்கு புதுசு திறந்தாச்சு, பழசை அதோட மூடிட்டாங்க, ஒரே ராத்திரியில மொத்த ஏர்போர்ட்டையும் இடம் மாத்துறதுன்னா எவ்வளவு பெரிய வேலை பாருங்க! ஆனா ஒரு குறை சொல்லியே ஆகணும், ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வந்தது 2010 அக்டோபர் கடைசியிலதான், அதுவும் ஆசிய விளையாட்டுப் போட்டி நெருங்கினப்போ, அதுவரைக்கும் ஆறு வருஷம் ஜனங்க பஸ்ஸையும் டாக்சியையும் நம்பித்தான் போய் வந்தாங்க, இவ்வளவு தூரம் தள்ளிக் கட்டும்போது ரயிலையும் சேர்த்தே போட்டிருக்கணும்ங்கறது என் கருத்து. 2018ல ரெண்டாவது டெர்மினல் வந்துச்சு. 2020 கொரோனா வருஷத்துல சுமார் 4.37 கோடி பயணிகளோட அட்லாண்டாவையே தாண்டி உலகத்துலயே முதலிடம், ஆனா அதுக்கு முந்தின வருஷம் இங்க வந்து போனவங்க 7 கோடிக்கும் மேல, மத்த ஏர்போர்ட்டெல்லாம் இன்னும் மோசமா விழுந்ததாலதான் இந்த இடம் கிடைச்சது, அதையும் சேர்த்தே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்