லாட் மாறினால் டப்பாவில் சொல்லுங்கள்

சுட்டுமுடித்த தோட்டாக் கூடுகளைத் தாங்களே மறுநிரப்புவோருக்குப் புகையில்லா வெடிமருந்து தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம்.

என் மேசையில் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. ஒரே பெயர், ஒரே லேபிள், லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், மட்டும் வேறு. பழைய டப்பாவின் மருந்து கருஞ்சாம்பல் நிறத்தில் பென்சில் முனை போல மினுங்குகிறது. குட்டிக் குச்சிகளாக இருக்கும் மருந்துத் துணுக்குகள் எல்லாம் ஒரே நீளம். புதியதில் நிறம் மங்கிப் பழுப்பேறியிருக்கிறது, குச்சிகள் நெட்டையும் குட்டையுமாக இருக்கின்றன, அடியில் தூள் வேறு. வெள்ளைத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தேன். புதியதைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "நிறத்தில் சிறு வேறுபாடு இயல்பு" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

சரி, இயல்பாகவே இருக்கலாம். மேலே பூசும் கிராஃபைட் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறும். நிலைமின்சாரம் சேராமலும் மருந்து தடையில்லாமல் ஓடவும்தான் அந்தப் பூச்சு. ஆனால் குச்சிகளில் எரிவேகத்தைத் தணிக்கும் இன்னொரு பூச்சும் உண்டு. குச்சி உடைந்தால் பூச்சு படாத உட்புறம் வெளியே வருகிறது, எரியும் பரப்பும் கூடுகிறது. அப்போது மருந்து வேகமாக எரியும். என் புதிய டப்பாவில் இருப்பது இந்த இரண்டில் எது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

தோட்டாத் தொழிற்சாலைகளுக்கு இந்தக் கவலை இல்லை. புது லாட் வந்தால் அழுத்தம் அளக்கும் குழலில் சுட்டுப் பார்த்து, அதற்கேற்பத் தோட்டாவில் போடும் மருந்தின் அளவை மாற்றிக்கொள்கிறார்கள். எங்களிடம் ஒரு தராசு, ஒரு கையேடு, அப்புறம் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. அதனால்தான் எங்களுக்கு விற்பதைக் கலந்து சமன்செய்து, லாட்டுக்கு லாட் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்படி தருகிறீர்கள். அந்த ஒரே மாதிரித்தன்மையை நம்பித்தான் நாங்கள் வாங்குகிறோம்.

எங்களில் பலர் பயன்படுத்தும் அளவுக் கருவி கொள்ளளவை வைத்து அளக்கிறது, எடையை அல்ல. தூள் கலந்து அடர்த்தி கூடிய மருந்து, அதே திருகு நிலையில் கூடுதல் எடையாக விழும். இன்றைய ரைஃபிள் தோட்டாக்கள் பலவற்றில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டுகிறது. அது நடக்கும் இடம் சுடுபவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில். லாட் மாறினால் அளவைக் குறைத்து மறுபடி கீழிருந்து தொடங்கு என்கின்றன கையேடுகள். நான் அப்படித்தான் செய்கிறேன், எல்லோரும் செய்ய வேண்டும். ஆனால் அந்த விதி சிறு வேறுபாடுகளைத் தாங்குவதற்காக வந்தது. குறையுள்ள லாட்டை எங்கள் தலையில் கட்ட அதைச் சாக்காக்கக் கூடாது.

தயாரிப்புத் தேதியையும் கேட்கிறேன். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் வியெய் உருவாக்கிய, நடைமுறைக்கு உதவிய முதல் புகையில்லா மருந்து நாள்பட்டுச் சிதைந்ததுதான் 1907இல் இயேனா, 1911இல் லிபெர்தே என்ற இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. சிதைவைத் தடுக்கத்தான் இன்று டைஃபினைலமீன் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறீர்கள். அவையும் காலப்போக்கில் தீர்ந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அமில நெடியோ செம்பழுப்புப் புகையோ வந்த பிறகு தெரிந்துகொள்வது ரொம்பத் தாமதம். பால் பாக்கெட்டில் இருக்கும் தேதி மருந்து டப்பாவில் ஏன் புரியாத குறியீடாக இருக்க வேண்டும்?

உங்களில் சிலர் அடையாளத்துக்காகவே சிவப்பு, பச்சை, நீலச் சில்லுகளைக் கலந்து விற்கிறீர்கள். தோற்றத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எச்சரிக்கையாகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். அப்படியிருக்க, செய்முறையோ பூச்சோ ஆலையோ மாறும்போது "இந்த லாட்டிலிருந்து தோற்றம் மாறியுள்ளது" என்று டப்பாவில் ஒரு வரி போடுங்கள். லாட் எண்ணைக் கொடுத்தால் அதன் அடர்த்தியையும், ஒப்பிடுவதற்காக நீங்கள் வைத்திருக்கும் மருந்திலிருந்து அதன் எரிவேகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இந்தச் சோதனைகளை எப்படியும் செய்கிறீர்கள். முடிவைக் காட்டினால் போதும். சந்தேகம் சொல்லி எழுதுபவரிடம் மாதிரி கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் புதிய டப்பாவின் லாட் எண்ணையும் இரண்டு மருந்தின் படங்களையும் தயாரித்தவர்களுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன். சோதித்துச் சொல்லும்வரை அதிலிருந்து ஒரு தோட்டாவும் நிரப்பமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருந்தை நம்பி நிரப்பும் ஒருவர்