பொன்னேரி வட்டத்துக்கு மாதம் ஒரு தொழில் மதிப்பீட்டு நாள் வேண்டும்: திறந்த மடல்

மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அவர்களுக்கும், கிண்டியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில் சேவை மைய (முன்பு தொழில் மறுவாழ்வு மையம்) அலுவலர்களுக்கும் வணக்கம்.

திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் பழக்கும் பயிற்றுநர்கள் நாங்கள். எங்களுக்கு வடக்கே இருக்கும் பொன்னேரி வட்டத்து ஊர்களுக்காக இதை எழுதுகிறோம். மாற்றுத்திறனாளி ஒருவருக்கு எந்தத் தொழில் ஒத்துவரும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் தொழில் மதிப்பீடு. அதற்கு இந்த ஊர்க்காரர்கள் திருவள்ளூருக்கோ கிண்டிக்கோ போக வேண்டியிருக்கிறது.

பழவேற்காட்டுக்காரருக்கு மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். ரயிலில் போக, பஸ்ஸில் பொன்னேரி வந்து, பேசின் பிரிட்ஜில் அரக்கோணம் வண்டிக்கு மாற வேண்டும். கிண்டிக்கு விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராகப் போகிறது, லிஃப்டும் உண்டு. விம்கோ நகர் வந்து சேர்வதுதான் பெரும்பாடு. மின்சார ரயிலில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்க ஆள் வேண்டும். கூட வருகிறவருக்கும் அன்றைய கூலி போச்சு.

தொழில் பயிற்சிக்கு ஆதரவும் வசதியும் தருவது அரசின் கடமை என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 19ஆவது பிரிவு. ஆகவே மாதம் ஒருமுறை, மாறாத ஒரு கிழமையில், மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ மதிப்பீடு நடத்துங்கள். அறை தரைத்தளத்தில், கதவு 90 செ.மீ. அகலத்தில் இருக்கட்டும். வாசற்படி 15 செ.மீ. உயரமென்றால் சாய்தளம் 1.8 மீட்டராவது நீள வேண்டும். குட்டைப் பலகையைச் சாய்த்துவைத்தால் ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

"என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்டுப் படிவம் நிரப்புவது மதிப்பீடாகாது. கைப்பிடி வலு, எட்டும் தூரம், முதுகு வலிக்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதையெல்லாம் வேலை கொடுத்துத்தான் பார்க்க முடியும். காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். அம்மாவை மொழிபெயர்க்கச் சொன்னால் பதில் அம்மாவுடையதாகிவிடும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரே அமர்வில் எல்லாச் சோதனையும் வைக்காதீர்கள். களைப்பைத் திறமையின்மை என்று எழுதிவிடுவோம்.

மதிப்பீடு சரியில்லாவிட்டால் கொடுக்கிற கருவியும் வீண். மோட்டார் தையல் இயந்திரம் நல்ல உதவிதான். ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெடல் தரையில் இருந்தால், இரண்டு கால்களிலும் வலுவில்லாதவர் அதை எப்படி மிதிப்பார்? பெடலை மேசையோரம் முழங்கை அழுத்துமிடத்தில் பொருத்தி, ஒயர் இழுபடாமல் கட்டினால் போதும், அவர் தைப்பார். இடத்தைக் குறிக்க, அவரை இயந்திரத்தின்முன் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கடைக்கோ வீட்டுக்கோ போய் மறுபடியும் பார்க்க வேண்டும்.

முதல் மதிப்பீட்டுக்கு அறை பார்ப்பதும் சாய்தளம் போடுவதும் எங்கள் பொறுப்பு. தேதியைக் குறைந்தது 15 நாள் முன்னதாக ரேஷன் கடைகளில் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைத் தொழில் பயிற்றுநர்கள்