மோகனும் வில்லனும்

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே நெதர்லாந்தில், ஐன்ட்ஹோவனில் மழை விட்டபாடில்லை.

டச்சு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இதையெல்லாம் ஜெர்மன் படித்த உன்னிடம்தான் புலம்ப முடியும். நூலகத்தில் டால்கஃபே என்று ஒன்று நடத்துகிறார்கள். காபி குடித்தபடி உள்ளூர்க்காரர்களோடு டச்சு பேசிப் பழகலாம். அங்கே இப்போது துணைவினைகள் ஓடுகின்றன. முடியும் என்பதற்குக் குன்னன், வேண்டும் என்பதற்கு மூட்டன், அனுமதிக்கு மோஹன், விருப்பத்துக்கு வில்லன். சிரிக்காதே.

ஆங்கில ‘have’ மாதிரி ‘ஹெப்’ போட்டுச் சொல்லும் இறந்தகாலம் இருக்கிறதே, அதில்தான் இவற்றின் சேட்டை. தனியாக நின்றால் ஒழுங்காகவே இருக்கும். ‘அது எனக்கு ஒருநாளும் கைவந்ததில்லை’ என்பதற்கு ‘டாட் ஹெப் இக் நோய்ட் ஹெகுன்ட்’. ஹெகுன்ட் என்பது குன்னனின் இறந்தகால வடிவம். பக்கத்தில் இன்னொரு வினை வந்து உட்கார்ந்ததோ, அந்த ஹெகுன்ட் காணாமல் போய்விடும். ‘என்னால் தூங்க முடியவில்லை’ என்றால் ‘இக் ஹெப் நீட் குன்னன் ஸ்லாப்பன்’. இரண்டு வினையும் அகராதியில் இருக்கிற மாதிரியே மொட்டையாக நிற்கும். கேட்பது, பார்ப்பது, செய்யவிடுவது ஆகியவற்றுக்கான வினைகளும் இப்படித்தான்.

ஜெர்மனிலும் இதே கூத்துதான், உனக்குத் தெரியும். ஆனால் அங்கே ‘ஷ்லாஃபன் க்யோனன்’ என்று நம் ‘தூங்க முடிய’ வரிசையிலேயே வரும். டச்சில் ‘முடிய’ முன்னால், ‘தூங்க’ பின்னால். நாக்கு லேசில் இணங்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. ‘கோமன்’, அதாவது வருவது, ஹெப்போடு சேராது. ஆங்கில ‘am’ மாதிரியான ‘பென்’ போட்டு ‘இக் பென் ஹெகோமன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘வர முடியவில்லை’ என்று குன்னன் நுழைந்துவிட்டால் நெதர்லாந்தில் பெரும்பாலும் ‘இக் ஹெப் நீட் குன்னன் கோமன்’ என்பார்கள். எல்லை தாண்டி பெல்ஜியம் போனால் ‘பென்’ அதிகம் காதில் விழும். இரண்டும் சரியாம்.

இத்தனைக்கும், கதை சொல்லும்போது இவர்கள் ‘இக் கோன் நீட் ஸ்லாப்பன்’ என்று சாதாரண இறந்தகாலத்தில் முடித்துவிடுகிறார்கள். அதனால் பரீட்சை எழுத வேண்டியில்லாதவர்கள் முதலில் அதைப் பழகினால் போதும் என்பது என் கட்சி. ஆனால் ஒரு வடிவத்தை மட்டும் விட முடியாது. ‘யெ ஹாட் மூட்டன் பெல்லன்’: நீ போன் பண்ணியிருக்க வேண்டும். நாம் ‘பண்ணியிருக்க’ என்று செயலில் காலத்தை ஏற்றுகிறோம், ‘வேண்டும்’ அசையாது. அவர்களோ ஹெப்பின் இறந்தகாலமான ‘ஹாட்’டில் ஏற்றிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். யாரையாவது குறை சொல்ல, அங்கலாய்க்க, வருத்தப்பட எல்லாவற்றுக்கும் இதுதான். அப்புறம் எப்படி இது இல்லாமல் காலம் தள்ளுவது?

சரி, புது வீட்டில் பால் காய்ச்சுவது எப்போது? தேதி முடிவானதும் எழுது. ஆபீசில் முன்கூட்டியே லீவு சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
வசந்தா