புள்ளி சிறிய வட்டம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பில் வடிவியலின் அடிப்படைகள் பற்றி வந்த அரைப் பக்கத்தை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளாயிற்றே என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். படங்கள் அழகு. இரண்டு வாக்கியங்கள்தான் உறுத்துகின்றன.

"புள்ளி என்பது மிகச் சிறிய வட்டம்" என்று போட்டிருக்கிறீர்கள். வட்டம் என்றால் என்ன? ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளிகள். புள்ளிக்காக வட்டத்திடம் போனால், அது நம்மைப் புள்ளியிடமே திருப்பி அனுப்பும். "பகுதி இல்லாதது புள்ளி" என்றார் வடிவியலைத் தொகுத்து எழுதிய கிரேக்க அறிஞர் யூக்ளிட். பகுதி என்றால் என்ன என்று கேட்டால் அவரும் மாட்டிக்கொள்வார். அதனால்தான் 1899-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட், புள்ளி, கோடு, தளம் மூன்றுக்கும் வரையறையே தராமல், அவற்றுக்குள் என்ன உறவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

கோட்டுக்கு அகலம் கிடையாது என்பது எனக்குப் புரிந்தது அப்பாவின் பட்டறையில். தச்சு வேலை. கரி கரைத்த தண்ணீரில் நூலை நனைத்து, ஒரு முனையைப் பலகைமேல் என்னை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தான் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவார். சட்டென்று கறுப்பாக ஒரு கோடு விழும். இரண்டு புள்ளிக்கு ஒரு நேர்கோடு. யூக்ளிடின் ஐந்து எடுகோள்களில் முதலாவது அதுதான். ஆனால் அந்தக் கறுப்பு, தச்சர் அளவில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அகலம் இருக்கும். "கோட்டுக்கு வெளியே ரம்பத்த ஓட்டு, கோடு பலகையில நிக்கணும்" என்று கையாளிடம் சொல்வார். அந்த அரை நூல் கரியின் அகலம். அப்பாவின் கணக்கில் இருந்த கோடு அதன் விளிம்பு மட்டும்.

அடுத்தது, "ஐந்து எடுகோள்களும் நிரூபிக்கப்பட்ட உண்மைகள்." நிரூபிக்காமல் எடுத்துக்கொள்வதால்தானே ஐயா அது எடுகோள்! யூக்ளிட் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு வேண்டுகோள் என்றே பொருள். இதை ஒத்துக்கொள், மிச்சத்தை நான் நிரூபிக்கிறேன் என்பது ஒப்பந்தம்.

ஐந்தாவதில்தான் தகராறே. இரு கோடுகளை மூன்றாவது கோடு வெட்டும்போது, ஒரு பக்க உட்கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணத்துக்குக் குறைந்தால், நீட்டினால் அந்தப் பக்கம் அவை சந்திக்கும் என்கிறது. யூக்ளிடுக்கே இதில் தயக்கம் போலும். தன் நூலின் முதல் 28 தேற்றங்களை இதைத் தொடாமல் முடித்து, 29-இல்தான் கையில் எடுக்கிறார். மற்ற நான்கிலிருந்து இதை வருவித்துவிடலாம் என்று பாரசீகக் கவிஞரும் கணித அறிஞருமான உமர் கய்யாம், 1733-இல் இத்தாலியின் சக்கேரி என்று பலர் முயன்றார்கள். ஹங்கேரியில் போயாய் என்ற இளம் கணித அறிஞரின் தகப்பனார், இணைகோடுகள் (ஐந்தாவது எடுகோளின் விஷயமே அதுதான்) பக்கமே போகாதே என்று மகனுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். மகன் கேட்கவில்லை. ரஷ்யாவின் கசான் நகரில் லோபசெவ்ஸ்கி 1829-இலும், இந்தப் பிள்ளை 1832-இலும், ஐந்தாவதை மாற்றிவைத்தே வேறொரு வடிவியலை அச்சில் கொண்டுவந்தார்கள்.

நானும் தப்பு செய்தவள்தான். "எல்லாச் செங்கோணமும் சமம்னு தனியா எதுக்கு டீச்சர் சொல்லணும்?" என்று நான்காவது எடுகோளைப் பற்றி ஒரு மாணவி கேட்டபோது, "பரீட்சைக்கு எழுது, போதும்" என்று உட்காரவைத்தேன். ஐந்தாவது எடுகோள் செங்கோணத்தை அளவாக வைத்துப் பேசுகிறது, அந்த அளவு எங்கும் ஒன்றே என்று முன்னாலேயே சொல்லியாக வேண்டும் என்ற பதில் எனக்கே பல வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பழையதைக் கிழித்தால் நோட்டு பாழாகும் என்கிறாள் பேத்தி. அதன் மேலேயே ஒட்டிக்கொள்வாளாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மன்னார்குடி.